சோழியும் புளியங்கொட்டையும் ஏன் பிரிந்து நின்றன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், செஸ் பலகையைத் தரையில் வைத்து உட்கார்ந்தேன். செஸ் காய்கள் தேவைப்படவில்லை. வீட்டில் பல்லாங்குழிப் பை ஒன்று இருக்கிறது. அதில் சோழியும் புளியங்கொட்டையும் கலந்தே கிடக்கும். இரண்டிலும் 30 எடுத்துக்கொண்டேன். நான்கு மூலைகளை மட்டும் காலியாக விட்டு, கறுப்புக் கட்டங்களில் புளியங்கொட்டை, வெள்ளைக் கட்டங்களில் சோழி என்று மீதி 60 கட்டங்களையும் நிரப்பினேன். ஒன்றுவிட்டு ஒன்று. இதைவிடக் கலந்து வாழும் ஊர் இருக்க முடியாது.

ஒவ்வொரு காயும் ஒரு குடும்பம். அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இருப்பவர்கள் அண்டை வீட்டார். குடும்பத்தின் ஆசை ரொம்பச் சின்னது. அண்டையில் ஒரே ஒருவர்தான் என்றால் அவர் நம்மவராக இருக்க வேண்டும். இருவர் என்றால் ஒருவர் நம்மவராக இருந்தால் போதும். மூன்று முதல் ஐந்து பேர் வரை என்றால் இருவர். ஆறு முதல் எட்டுப் பேர் என்றால் மூவர். அதாவது எட்டில் ஐந்து பேர் மற்றவர்களாக இருந்தாலும் யாருக்கும் மனக்குறை கிடையாது. தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். மூலைகளைக் காலியாக விட்டதற்குக் காரணமும் இந்த விதிதான். மூலையில் இருப்பவருக்கு மூன்றே அண்டை வீட்டார். அதில் ஒருவர்தான் நம்மவர். தொடங்கும்போதே அவருக்குக் குறை வந்துவிடும். மூலையை விட்டுவிட்டால் பலகையில் எல்லோருக்கும் திருப்தி. யாரும் நகர வேண்டியதில்லை.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு 20 காய்களை எடுத்தேன். பிறகு 5 காய்களைக் கை போன போக்கில் காலிக் கட்டங்களில் வைத்தேன். ஊர் என்றால் சிலர் வெளியூர் போவார்கள், சிலர் புதிதாக வருவார்கள். பலகையில் 45 குடும்பங்கள் இருந்தன.

வலது ஓரத்தில், மேலிருந்து நான்காவது கட்டத்தில் ஒரு சோழி. முன்பு அதற்கு ஐந்து அண்டை, அதில் மூலைவிட்டத்தில் இரண்டு சோழிகள். அந்த இரண்டில் ஒன்றை நான் எடுத்துவிட்டிருந்தேன். இப்போது நான்கு பேரில் ஒருவர்தான் நம்மவர். விதிப்படி இருவர் வேண்டும். சரி, கிளம்ப வேண்டியதுதான். பக்கத்தில் தோதான காலிக் கட்டம் பார்த்து அதை நகர்த்தினேன். நகர்த்தியதும் அது விட்டுப்போன இடத்துக்கு மூலைவிட்டத்தில் இருந்த இன்னொரு சோழிக்குச் சிக்கல் வந்தது. அந்தச் சோழி ஏற்கெனவே ஒரு துணையை இழந்து, ஏழு பேரில் மூவர் என்று விளிம்பில் நின்றது. இப்போது ஆறில் இருவர். அதுவும் கிளம்பியது. முதல் சோழி போய் இறங்கிய இடத்திலோ ஒரு புளியங்கொட்டை ஐந்தில் இருவர் என்று நிம்மதியாக இருந்தது. புது வரவால் ஆறில் இருவர் ஆகி, அதற்கும் குறை வந்துவிட்டது. ஒருவர் நகர்ந்தால் விட்ட இடத்தில் ஒரு குறை, புகுந்த இடத்தில் ஒரு குறை. அரை மணி நேரம் இப்படியே நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒருவழியாக எல்லோருக்கும் திருப்தி வந்தபோது மேலே சோழிகள் ஒரு கூட்டமாகவும், கீழே புளியங்கொட்டைகள் இரண்டு கூட்டமாகவும் நின்றன. நடுவில் காலிக் கட்டங்கள், எல்லை போட்ட மாதிரி.

‘பிரிந்து வாழ வேண்டும்’ என்று எந்தக் காயும் கேட்கவில்லை. அப்படி ஒரு விதியே நான் எழுதவில்லை. அன்று பலகையைப் பார்த்தபோது மனதைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங். ஒரு விமானப் பயணத்தில் படிக்க எதுவும் இல்லாமல் காகிதத்தில் ஒரு வரிசையாகக் குறிகளைப் போட்டு நகர்த்திப் பார்த்தார். வரிசையில் நகர்த்துவது சிரமமாக இருக்கவே, வீட்டுக்கு வந்ததும் காசு சேர்க்கும் பழக்கம் உள்ள தன் மகனிடமிருந்து செம்புக் காசுகளையும் துத்தநாகப் பூச்சுக் காசுகளையும் வாங்கிப் பலகையில் பரப்பி, அப்பாவும் பிள்ளையுமாக நகர்த்தினார்கள். 1971இல் இதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்து மாறுவதை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் செய்த வேலைக்காக 2005இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சமூக அறிவியல் மாணவர்கள் அவர் பெயரைக் கேட்டதும் நினைப்பது இந்தப் பலகையைத்தான்.

இன்று இந்த வகை ஆய்வுக்கு ‘முகவர் மாதிரி’ என்று பெயர். முகவர் என்றால் கணினிக்குள் நடமாடும் ஒரு சின்ன ஆள். அவனுக்கு ஒரு இடம், சுற்றிலும் பார்க்கக் கொஞ்சம் கண், என்ன பார்த்தால் என்ன செய்வது என்று இரண்டு மூன்று விதிகள். ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துச் சமன்பாடு எதுவும் எழுதுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்களை விட்டுவிட்டு, அவரவர் விதிப்படி நடக்கவைத்து, ஊர் என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். விதைத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

நெட்லோகோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 1999இல் யூரி விலன்ஸ்கி உருவாக்கியது. ஷெல்லிங்கின் பலகை அதில் தயாராகவே கிடைக்கும். சோழிக்கும் கொட்டைக்கும் பதிலாக இரண்டு நிறப் புள்ளிகள். ‘அண்டையில் 30 சதவீதம் என் நிறம் இருந்தால் போதும்’ என்று வைத்து ஓட்டினால், சில நொடிகளில் எல்லாம் அடங்கி, சராசரியாக ஒவ்வொருவரின் அண்டையிலும் சுமார் 70 சதவீதம் தன் நிறமே நிற்கிறது. கேட்டது 30, கிடைத்தது 70. இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அதே அளவுகோலை 80க்கு ஏற்றிப் பாருங்கள். ஆட்கள் கடும் பிடிவாதக்காரர்கள் ஆகிவிட்டார்கள், ஊர் இரண்டாகப் பிளந்துவிடும் என்றுதானே நினைப்போம்? பிளப்பதில்லை. யாருக்கும் எந்த இடமும் பிடிக்காமல் எல்லோரும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் கலங்கிய குட்டை மாதிரி கலந்தே கிடக்கிறது. மிதமான ஆசை ஊரைப் பிரிக்கிறது, கடுமையான ஆசை பிரிக்க முடியாமல் தவிக்கிறது. தனி ஆளின் மனதைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும், ஊரைப் பார்த்து ஆளின் மனதைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியவர் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், 1978இல். இதற்குப் பலகைகூட வேண்டாம். ஒரு சதுக்கத்தில் 100 பேர் கோபத்தோடு கூடியிருக்கிறார்கள். முதல் ஆள் யார் எறியாவிட்டாலும் கல்லெறிவான். இரண்டாமவன் ஒருவர் எறிந்திருந்தால் எறிவான். மூன்றாமவனுக்கு இருவர் எறிந்திருக்க வேண்டும். இப்படியே நூறாவது ஆளுக்கு 99 பேர். முதல் கல் விழுந்ததும் சரசரவென்று வரிசையாக எல்லோரும் இறங்கி, 100 பேர் கலவரம் ஆகிவிடும். இப்போது இரண்டாமவனை மட்டும் மாற்றுவோம். அவனுக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும். முதல் ஆள் கல்லெறிகிறான். ஒருவர் எறிந்ததைப் பார்த்து இறங்க ஒருத்தரும் இல்லை. அவ்வளவுதான், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ‘எனக்கு முன் எத்தனை பேர் எறிந்திருக்க வேண்டும்’ என்ற எண்ணுக்கு முதல் கூட்டத்தின் சராசரி 49.5, இரண்டாவது கூட்டத்தின் சராசரி 49.51. கருத்துக்கணிப்பு எடுத்தால் இரண்டும் ஒரே கூட்டம்தான். மறுநாள் செய்தியில் ஒன்று ‘வன்முறைக் கும்பல்’, மற்றது ‘அமைதியாகக் கலைந்த மக்கள்’.

முகவர் மாதிரிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நூறு பேரைத்தான். சராசரி எடுத்தால் அந்த இரண்டாவது ஆள் கரைந்து போய்விடுகிறான். ஆளாளாக வைத்து ஓட்டினால்தான் அவன் கண்ணில் படுகிறான்.

ஆனால் ஷெல்லிங்கின் பலகையைச் சிலர் பயன்படுத்தும் விதம் எனக்கு ஏற்பில்லை. ‘பாருங்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்வதற்கு யாரும் பொறுப்பில்லை, சின்னச் சின்ன விருப்பங்கள் சேர்ந்து தானாக நடந்தது’ என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அது தானாக நடக்கவில்லை. 1930களில் அரசு அமைப்பொன்றே நகரங்களின் வரைபடத்தில் பகுதிகளைத் தரம் பிரித்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ‘இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கமாட்டேன்’ என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. பலகையில் எந்தக் காயும் எந்தக் காலிக் கட்டத்துக்கும் போகலாம். அந்த நாட்டில் பல கட்டங்களுக்குப் பூட்டு போட்டிருந்தார்கள்.

மிதமான விருப்பமே பிரிவினைக்குப் போதுமானது என்று மாதிரி சொல்கிறது. நடந்தது அதனால்தான் என்று அது சொல்லவில்லை. ‘போதும்’ என்பதற்கும் ‘அதுதான்’ என்பதற்கும் நடுவில் ஒரு வரலாறே கிடக்கிறது. ஷெல்லிங்கே சட்டத்தாலும் பணத்தாலும் வரும் பிரிவினையைத் தன் கட்டுரையில் ஒத்துக்கொண்டு, தான் எடுத்துக்கொண்டது தனி ஆட்களின் விருப்பத்தால் வரும் மூன்றாவது வகையை என்று பிரித்துச் சொன்னவர்தான். பூட்டுகளைத் திறந்துவிட்டால் மட்டும் ஊர் கலந்துவிடாது என்பதுதான் பலகை தரும் உண்மையான செய்தி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அது பொறுப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

விதியைக் கொஞ்சம் மாற்றினால் முடிவும் மாறுமா? இதற்கும் ஒரு நீண்ட சண்டை நடந்தது. நிஜ மனிதர்கள் ‘மூவர் என்றால் சரி, இருவர் என்றால் கிளம்பு’ என்று ஒரு கோட்டில் மனம் மாறுவதில்லை. அவர்கள் விருப்பம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறி இறங்கும், அப்படி வைத்தால் பிரிவினை அந்த அளவுக்கு வராது என்று எலிசபெத் புருக், ராபர்ட் மேர் இருவரும் 2006இல் எழுதினார்கள். 2009இல் வேறு மூவர் அந்த மாதிரியைத் தாங்களும் ஓட்டிப் பார்த்து மறுத்து எழுதினார்கள். முதலாமவர்கள் அதற்கும் பதில் எழுதினார்கள். நிரலும் விதிகளும் வெளிப்படையாக இருந்தால்தான் இந்த மாதிரி ஒருவர் வேலையை இன்னொருவர் சோதிக்க முடியும். ‘கணினி சொல்லிவிட்டது’ என்று விதிகளைக் காட்டாமல் வரும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

ஷெல்லிங்கின் கட்டுரை வந்த அதே ஆண்டு, அதே ஆய்விதழில், ஜேம்ஸ் சகோடா என்பவரும் ஒரு பலகை மாதிரியை வெளியிட்டார். இவர் அதைத் தொடங்கியது இன்னும் முன்பு, 1949இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில். ஒவ்வொரு காய்க்கும் தன் கூட்டத்தின்மேலும் மற்றக் கூட்டத்தின்மேலும் ஈர்ப்பு, விலக்கம், அல்லது எதுவுமில்லை என்று வைத்தார். தன் கூட்டத்தின்மேல் ஈர்ப்பே இல்லாமல், மற்றவர்மேல் சந்தேகம் மட்டும் இருந்தாலும் கூட்டங்கள் பிரிந்துவிடுவதைக் காட்டினார். சகோடா ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்ததே, அதில் அவரும் ஒருவர். ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குள் இருந்துகொண்டே அங்கிருந்தவர்களின் உறவுகளையும் பிளவுகளையும் குறித்துவைத்தார். பலகை பிறந்தது அந்தக் குறிப்புகளிலிருந்துதான். அவர் பெயரை வெகுகாலம் பெரிதாக யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம். விருப்பப்பட்டு யாரும் வந்து சேராத ஓர் இடத்தில் உட்கார்ந்து, மனிதர்களின் விருப்பு வெறுப்பைக் கணக்கில் கொண்டுவர ஒருவர் பாடுபட்டிருக்கிறார்.

பலகை ஒரு கற்பனை ஊர். நிஜ ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் அரிசோனா மாநில வடகிழக்கில் லாங் ஹவுஸ் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. பழங்குடி உழவர்கள் பல நூற்றாண்டுகள் அங்கே மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்தார்கள், கி.பி. 1300 வாக்கில் ஊரே காலியாகிவிட்டது. மழையை மரங்களின் ஆண்டு வளையம் சொல்கிறது, குடும்பங்களின் எண்ணிக்கையை இடிந்த வீடுகள் சொல்கின்றன. ராபர்ட் ஆக்ஸ்டெல், ஜோஷுவா எப்ஸ்டைன் ஆகியோரும் தொல்லியலாளர்களும் சேர்ந்து அந்தப் பள்ளத்தாக்கைக் கணினிக்குள் கட்டி, கி.பி. 800லிருந்து ஓட்டினார்கள். இங்கே முகவர் என்பது ஒரு குடும்பம். ஐந்து பேர், ஆண்டுக்கு 800 கிலோ மக்காச்சோளம் வேண்டும். விளைச்சல் போதாவிட்டால் வேறு நிலம் தேடும்; கிடைக்காவிட்டால் பள்ளத்தாக்கைவிட்டுப் போகும். பிள்ளைகள் வளர்ந்தால் தனிக்குடித்தனம்.

ஆண்டுதோறும் கணினிக் குடும்பங்கள் கூடின, குறைந்தன. மண்ணுக்கடியில் கிடைத்த வீடுகளின் கணக்கும் பெரும்பாலும் அதே போக்கில் ஏறி இறங்கியது. மழை, சோளம், குடும்பம் என்று மூன்றை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் வர முடிந்தது. கடைசியில்தான் இரண்டும் பிரிகின்றன. 1300ஐத் தாண்டியும் கணினியில் கொஞ்சம் குடும்பங்கள் தங்குகின்றன. அவர்களுக்குப் போதுமான சோளம் அந்த மண்ணில் விளைகிறது. நிஜத்தில் ஒருத்தரும் மிச்சமில்லை. மாதிரி தோற்றுவிட்டது என்று இதைத் தள்ளிவிடலாம். ஆய்வாளர்கள் அப்படித் தள்ளவில்லை. பசி மட்டும் காரணம் என்றால் சிலராவது தங்கியிருக்க வேண்டும். எல்லோரும் போனார்கள் என்றால் வேறு ஏதோ அவர்களை அழைத்திருக்கிறது, அல்லது துரத்தியிருக்கிறது. உறவுகள் முன்னே போய்விட்ட ஊரில், விளையும் நிலத்தை வைத்துக்கொண்டு நாலு குடும்பங்கள் மட்டும் தங்குமா? அந்தக் கேள்விக்கான விதி அந்த நிரலில் எழுதப்படவில்லை.