ரோட்டவேட்டர் ஓட்டும் முன் காற்றைப் பாருங்கள்

சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கம் ஒரு மேட்டுக்காடு, மழையை நம்பிய விளைநிலம். ஆடி முதல் வாரம், நிலக்கடலை விதைப்புக்காக, டிராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணைத் தூளாக்கும் ரோட்டவேட்டர் இரண்டு முறை ஓடி, செம்மண் மாவு மாதிரி கிடந்தது. மதியம் காற்று கிளம்பியதும் காட்டுக்குள்ளிருந்து சிவப்பாகப் புழுதி எழுந்து கிழக்கு வரப்பைத் தாண்டிப் போனது. நிலக்காரப் பெரியவர் என் பக்கம் திரும்பி, "மண்ணு பொலபொலன்னு இருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார். சொன்னது நான்தான். எந்த மாதத்தில் என்று சொல்லாமல் விட்டிருந்தேன்.

மழை அரித்தால் ஓடை விழும், எல்லோருக்கும் தெரியும். காற்று அப்படித் தடம் வைப்பதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனாலே 4 கன மீட்டர். லாரிக் கணக்கில் ஒன்றரை யூனிட்டுக்குக் கிட்டே (ஒரு யூனிட் நூறு கன அடி). பருமணல் தத்தித் தத்தி அதே காட்டிலேயே விழுந்துவிடும். ஊரைத் தாண்டிப் போவது களியும் மக்கும் கலந்த நுண்தூள். ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். அதனால் காற்றரிப்பை நான் தண்ணீர்ப் பிரச்சினை என்றே சொல்வேன்.

ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பருமனான மண்கட்டியைக் காற்று பொதுவாகத் தூக்குவதில்லை. கோடைமழை ஈரத்தில் சட்டிக்கலப்பையோ கொத்துக் கலப்பையோ போட்டு, கட்டி கட்டியாகவே விட்டுவிடுங்கள். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டர். கட்டிகளுக்கு நடுவே அது நின்று இறங்கும். மாவாக்கிய நிலத்திலோ முதல் தூறலிலேயே பொருக்குக் கட்டி, மீதி மழை வழிந்து ஓடிவிடும். உழவுச் சால் காற்றுக்குக் குறுக்கேயா, சரிவுக்குக் குறுக்கேயா என்று கேட்பார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் சரிவுக்கே முதலிடம்.

கடலைக்குள் நடுநடுவே ஆமணக்கு வரிசை விடுவது நம் பக்கத்துப் பழக்கம், அது காற்றைத் தடுக்குமே என்பார்கள். ஆனால் ஆடியில் விதைத்த ஆமணக்கு அந்த ஆடிக் காற்றுக்கு உதவாது, முளைத்து எழவே நாளாகும். மேற்கு வரப்பில் கிளுவை, வேம்பு, அகத்தி கலந்து நிற்க வேண்டும். வேலி தன் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் காற்றைத் தணிக்கும். தகரம் அடித்ததுபோல் அடைத்துவிடாதீர்கள். காற்று மேலே ஏறி, பின்னால் சுழன்று விழும். பாதி புகுந்து போகட்டும்.

மண்ணைக் காற்று தூக்காமலிருக்க, அறுத்த சோளத்தட்டையின் அடிக்கட்டையை விட்டுவைக்கலாம்தான். மேச்சேரி ஆடு மேயும் ஊரில் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? இருபது அடிக்கு ஒரு பட்டையாவது ஒரு சாண் உயரத்துக்கு விடுங்கள் என்று பேரம் பேசுகிறேன். மரவள்ளிக்காரர்களுக்கு இன்னொன்று: இலை மூட மூன்று மாதம் ஆகும், அதுவரை இடைவெளியில் உளுந்து போடுங்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த வருடம் ரோட்டவேட்டரை விதைப்புக்கு முந்தின நாள், அதுவும் ஈரம் இருந்தபோது, ஒரே முறை ஓட்டினார். அதுவரை கட்டியும் முட்டியுமாகக் கிடந்த காட்டைப் பார்த்து, "டிராக்டருக்குக் காசு இல்லையா?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டாராம்.