கிழட்டு நாயின் பல்லில் குடத்து உப்பு

"எங்கள் பொமரேனியனுக்கு 11 வயது. அருகில் வந்தாலே வாய் நாறுகிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?" என்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்மையில்லை. சிறுநீரகக் கோளாறாலும் நாற்றம் வரலாம் என்றாலும், பெரும்பாலும் அது ஈறுக்கடியில் குடியேறிய பாக்டீரியாக்களின் வேலை.

பல்மேல் வழவழப்பான பாக்டீரியாப் படலம் படிவதும், துலக்காவிட்டால் அது இறுகிக் காரையாவதும் நாம் பள்ளியில் படித்தவைதான். ஆனால் நம்மைத் தொல்லைப்படுத்தும் சொத்தை நாய்க்கு அரிதாகவே வருகிறது. காரையோ மளமளவென்று ஏறுகிறது. இந்த முரணுக்கான விடை உமிழ்நீரில் இருக்கிறது.

போர்த் தண்ணீர் புழங்கும் வடசென்னை வீடுகளில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். பைகார்பனேட்டோடு கரைந்திருந்த கால்சியம், நீர் சூடேறிக் கரியமில வாயு வெளியேறியதும், கரைந்திருக்க வழியின்றிக் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுகிறது. நாயின் உமிழ்நீரிலும் கால்சியம், பைகார்பனேட், பாஸ்பேட் மூன்றும் உண்டு. மனித உமிழ்நீர் ஏறக்குறைய நடுநிலையானது. நாயினுடையது காரத்தன்மை கொண்டது, பிஎச் அளவு 8-ஐ ஒட்டியது. அமிலத்தில் கரைவதும் காரத்தில் படிவதும் இந்தக் கால்சியம் உப்புகளின் குணம். எனவே சொத்தையை உண்டாக்கும் அமிலம் நாயின் எனாமலை எளிதில் அரிப்பதில்லை. ஆனால் அதே காரம், பல்லில் ஒட்டிய படலத்துக்குள் படிகங்களை முளைக்கவைத்து, இரண்டு மூன்று நாட்களிலேயே அதைக் கல்லாக்கத் தொடங்கிவிடுகிறது. நம் பற்காரை பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். நாயின் காரையில் அதனுடன் கால்சியம் கார்பனேட்டும், அதாவது வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற அதே சரக்கும், சேர்ந்திருக்கிறது. கடின நீரை மென்மையாக்கப் பயன்பட்ட சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டை இன்று நாய்களுக்கான பல் பிஸ்கட்டுகளில் பூசுகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமன்று. இரண்டிலும் அது செய்வது ஒன்றே: கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, படிய விடாமல் தடுக்கிறது.

உங்கள் நாயின் மேலுதட்டைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். 42 பற்களில் பெரியவற்றுள் ஒன்றான, கத்தரிபோல வெட்டும் மேல் கடைவாய்ப் பல்லில்தான் பழுப்புக் காரை தடிமனாக அப்பியிருக்கும், ஏனெனில் கன்னத்து உமிழ்நீர்க் குழாய் அதற்கு நேர் எதிரே திறக்கிறது. அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள்; அவை கண்ணுக்குக் கீழே வரை எட்டுகின்றன. என் வீட்டு நாய் மணிக்கு 13 வயதில் கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கியபோது, கண்ணேறு என்று சொல்லி, பக்கத்து வீட்டு ஆயா கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். சீழ் கோத்திருந்ததோ வேர் நுனியில். பல்லைப் பிடுங்கிய பிறகே வீக்கம் வடிந்தது.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பதையும் நம்ப வேண்டாம்; கெட்டி எலும்பு அதே பெரிய பல்லைப் பிளந்துவிடக்கூடும். மயக்க மருந்து கொடுக்காமல் காரையைச் சுரண்டுவதும் பயனற்றது. வெளியே பல் வெளுக்கும். ஈறுக்கடியில் பாக்டீரியாவும், அதை எதிர்க்கும் உடலின் அழற்சியும் சேர்ந்து தாடை எலும்பைக் கரைப்பது அப்படியே தொடரும். பொமரேனியன் போன்ற சிறு நாய்களில் கீழ்த்தாடையே முறியும் அளவுக்கு அது போகலாம். எனவே மயக்க மருந்து கொடுத்துத்தான் ஈறுக்கடியிலும் சுத்தம் செய்ய வேண்டும்; வயதாகிவிட்டது என்பது மட்டுமே அதற்குத் தடையாகிவிடாது. முதலில் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தையும் கல்லீரலையும், பிறகு இதயத்தையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். 1903 முதல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் இந்நகரில், வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்கை முதிய நாய்களின் பல் ஆய்வுக்கும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

சுத்தம் செய்த பிறகு தினமும் துலக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்றால் படலம் அதற்குள் கல்லாகியிருக்கும். நம் பற்பசை கூடாது: நாய் அதைத் துப்பாது, விழுங்கிவிடும்; சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்த பசையென்றால் நஞ்சு. உப்பும் காரமும் போடாமல் மீன் தலையை வேகவைத்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். உட்புறத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். கன்னத்தை ஒட்டிய வெளிப்புறத்தை மட்டும் தேய்த்தால் போதும். முதல் வாரம் மணி துணியைத்தான் தின்னப் பார்த்தது.