பீப் ஒலியை அடக்கும் முன், அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

"சார், கம்ப்யூட்டர் கத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுங்க, வேற எதுவும் பண்ண வேண்டாம்." வீட்டுக் கணினிகளைப் பழுது பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கோரிக்கை இது. கேட்பவரின் எரிச்சல் நியாயமானதுதான். பக்கத்து அறையில் குழந்தை உறங்கும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை பீப் என்று ஒலித்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். ஆனாலும், அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் நான் அதை அடக்குவதில்லை. வெறும் தொல்லையாக இருக்கும் ஒலிகளும் உண்டு, ஆபத்தை அறிவிக்கும் ஒலிகளும் உண்டு. காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும்.

இதைக் கண்டறிய எளிய வழி இருக்கிறது. ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் வயரைக் கழற்றுங்கள். மானிட்டரிலேயே ஸ்பீக்கர் இருந்தால் ஒலியளவை முழுவதும் குறைத்துவிடுங்கள். பீப் நின்றுவிட்டால் அது விண்டோஸோ வேறு மென்பொருளோ எழுப்பும் ஒலி. நிற்கவில்லை என்றால் கணினிப் பெட்டியான கேபினட்டுக்குள் இருக்கும் மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப் பலகையிலிருந்தோ, மின்சாரம் போனால் பேட்டரியால் கணினியை ஓடவைக்கும் யு.பி.எஸ். பெட்டியிலிருந்தோ வருகிறது. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யிலிருந்தே கேபினட்டுக்குள் ஒரு சிறிய ஸ்பீக்கர் இருந்து வந்தது. பழைய விண்டோஸ் பதிப்புகள் தம் பீப் ஒலியையும் அதன் வழியாகவே எழுப்பின. விண்டோஸ் 7 முதல் அந்த ஒலி வழக்கமான ஸ்பீக்கருக்கே அனுப்பப்படுகிறது. ஆகவே, இன்றைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபினட்டின் வயிற்றுக்குள்ளிருந்து பீப் கேட்டால் அதை வெறும் செட்டிங்ஸ் விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மென்பொருள் ஒலி என்று உறுதியானால் அடக்குவது இரண்டு நிமிட வேலை. திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின்மேல் வலது கிளிக் செய்து, விண்டோஸ் 11 என்றால் 'சவுண்ட் செட்டிங்ஸ்' வழியாக 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' சென்று, அங்கே 'சவுண்ட்ஸ்' பகுதியில் 'நோ சவுண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரேயடியாக அடங்கிவிடும். நான் அப்படிச் செய்வதில்லை. 'டீஃபால்ட் பீப்', 'எக்ஸ்க்ளமேஷன்', 'ஆஸ்டரிஸ்க்' ஆகியவற்றை மட்டும் 'நன்' (None, ஒலி இல்லை) ஆக்கிவிட்டு, லேப்டாப் பேட்டரி தீரும்போது வரும் ஒலியையும் 'டிவைஸ் டிஸ்கனெக்ட்' ஒலியையும் விட்டுவைப்பேன். வெளியில் செருகிய ஹார்டு டிஸ்க் தானாகத் துண்டித்துத் துண்டித்து இணைகிறது என்பதைப் பலருக்கு அந்த ஒலிதான் முதலில் சொல்கிறது. கேபிள் தளர்ந்த நிலையில் கல்யாணப் புகைப்படங்களை நகலெடுத்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர் டெர்மினலின் அமைப்புகளில் 'டெர்மினல் பெல்' என்பதை நீக்கினால் போதும்.

மென்பொருள் ஒலிகளில் என்னை அதிகம் அலையவைப்பவை கீபோர்டு சார்ந்தவை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒலி வருகிறது, ஆனால் எழுத்து விழவில்லை என்று சொல்லி இரண்டு கீபோர்டுகளை மாற்றிவிட்டு என்னை அழைத்தார். கீபோர்டில் எந்தக் குறையும் இல்லை. பேரன் விளையாடும்போது வலப்பக்க ஷிஃப்ட் பொத்தானை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தியிருக்கிறான். அப்போது வந்த கேள்விக்கு 'யெஸ்' கொடுத்துவிட்டான். அதனால் 'ஃபில்டர் கீஸ்' இயங்கத் தொடங்கி, சட்டென்று தட்டும் தட்டல்களை எல்லாம் கணினி புறக்கணித்திருக்கிறது. இதேபோல், நம்லாக்கை ஐந்து விநாடி அழுத்தினால் 'டாகிள் கீஸ்' இயங்கி, கேப்ஸ்லாக் தட்டும்போதெல்லாம் பீப் வரும். செட்டிங்ஸில் 'ஆக்ஸசிபிலிட்டி', அதற்குள் 'கீபோர்டு' சென்று இவற்றை அணைப்பதோடு, இவற்றை இயக்கும் குறுக்குவழியையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் அடுத்த முறை பேரன் விளையாடும்போது மறுபடியும் வரும். அணைக்கும் முன் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இவை உண்மையிலேயே உதவும் வசதிகள். வேண்டுமென்றே இயக்கி வைத்திருக்கக்கூடும்.

பிரௌசர் திடீரென்று முழுத்திரையாகி, உரத்த பீப் ஒலியோடு "உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று காட்டினால் அது மோசடி. பதற்றத்தை உண்டாக்கத்தான் அந்த ஒலியே. எண்ணை அழைக்காமல், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

இனி, அடக்கக் கூடாத ஒலிகள். கணினியை இயக்கியதும் ஒரு சிறு பீப் வந்து திரை வந்துவிட்டால் நலம் என்று பொருள். நீண்ட பீப் திரும்பத் திரும்ப வந்து திரை கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் ராம் எனும் நினைவகப் பலகை அதன் இடத்தில் சரியாக அமரவில்லை. மின்னிணைப்பைத் துண்டித்து, ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மென்மையாகத் துடைத்து, இரு பக்கக் கிளிப்புகளும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்தினால் பல கணினிகள் எழுந்துவிடும். மற்றபடி ஏ.எம்.ஐ., அவார்டு, ஃபீனிக்ஸ் என்று ஒவ்வொரு பயாஸுக்கும் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பீப் கணக்கு வேறு; மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

ஒரு வீட்டில், ஆம்புலன்ஸ் போல ஏறி இறங்கும் ஒலி வருகிறது என்று, தெரிந்தவர் ஒருவரை வைத்து கேபினட்டுக்குள் இருந்த சிறிய ஸ்பீக்கரின் வயரையே பிடுங்கிவிட்டிருந்தார்கள். வீடு அமைதியானது. சில வாரங்களில் கணினி வேலையின் நடுவே தானாக அணையத் தொடங்கியது. நான் திறந்து பார்த்தபோது, கட்டாமல் விட்டிருந்த மெல்லிய கேபிள் ஒன்று பிராசசர் ஃபேனின் இறக்கைகளுக்கிடையே சிக்கியிருந்தது. கீழே, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. வெப்பம் கூடுகிறது என்று மதர்போர்டு சொன்ன எச்சரிக்கையைத்தான் அவர்கள் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். கேபிளை விலக்கிக் கட்டி, தூசியை எடுத்து, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவிய பிறகு அந்த வயரையும் திரும்பச் செருகிவிட்டு வந்தேன்.

யு.பி.எஸ். பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மின்சாரம் போனபோது விட்டுவிட்டுக் கூவுவது அதன் இயல்பு. கூவல் நெருங்கி நெருங்கி வந்தால் பேட்டரி தீர்கிறது, கோப்புகளைச் சேமித்துக் கணினியை அணைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போதே கூவினால் ஒன்று சுமை அதிகம், அல்லது பேட்டரி போய்விட்டது. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் செருகியிருந்தால் முதலில் அதை நேரடியாகச் சுவர் பிளக்குக்கு மாற்றுங்கள். வீட்டு யு.பி.எஸ்.களில் பரவலாக இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. சில மாடல்களில், மின்சாரம் இல்லாத வேளையில் பவர் பொத்தானைச் சற்றே தொட்டு எடுத்தால் கூவல் அடங்கும். அதே பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் மின்சாரமே துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால், கோப்பைச் சேமித்த பிறகே அதில் கை வையுங்கள்.

காரணம் புலப்படாவிட்டால், ஒலியை நிறுத்த முயலாமல், உங்கள் செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து, அப்போது மின்சாரம் இருந்ததா, திரை வந்ததா என்ற இரண்டு விவரங்களோடு பழுது பார்ப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.