குழி நிறையட்டும்: இரட்டைக் குழிக் கழிப்பறை இயங்கும் விதம்

கிராமத்தில் கழிப்பறை கட்டப் போகிறவர்கள் கொத்தனாரிடம் முதலில் கேட்பது, "குழி எத்தனை வருஷத்துல நிறையும்?" என்றுதான். நிறைந்தால் யார் அள்ளுவது என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பயத்தில் பத்தடி ஆழத்துக்கு உறை இறக்குகிறார்கள். கையில் காசு இருப்பவர்கள் ஓர் அறை அளவுக்கு செப்டிக் டேங்க் கட்டுகிறார்கள். கட்டிய பிறகும் "பொம்பளைங்களுக்கு மட்டும் இருக்கட்டும், சீக்கிரம் ரொம்பிடும்" என்று ஆண்கள் காட்டுக்கே போகும் வீடுகள் உண்டு. இரட்டைக் குழிக் கழிப்பறையில் இந்தப் பயத்துக்கு இடமில்லை. அதில் ஒரு சமயம் ஒரு குழிதான் ஓடும், அது நிறைந்ததும் அதை மூடி ஆறவிட்டு மற்றதுக்கு மாற வேண்டும். அங்கே குழி நிறைவது பழுதல்ல. நிறைந்தால்தான் அடுத்த வேலையே தொடங்கும்.

கணக்கு எளிது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ள வீட்டில், தண்ணீர் மண்ணில் இறங்கி, நுண்ணுயிர்கள் தின்றது போக, ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 40 முதல் 50 லிட்டர் கசடுதான் குழியில் தங்கும். ஐந்து பேருக்கு 200 முதல் 250 லிட்டர். உள்விட்டம் 1 மீட்டர், குழாய் வந்து விழும் மட்டத்துக்குக் கீழே ஆழம் 1 மீட்டர் என்று தோண்டினால் சுமார் 785 லிட்டர் கொள்ளும், அதாவது ஏறக்குறைய நான்கு பேரல். மூன்று ஆண்டுக்கு மேல் தாங்கும். பத்தடி எதற்கு? ஆழம் கூடக்கூட நிலத்தடி நீரை நெருங்குகிறோம் என்பதுதான் மிச்சம்.

கசடை விடத் தண்ணீர்க் கணக்குதான் முக்கியம். ஐந்து பேர் புழங்கினால் நாளொன்றுக்கு 50 லிட்டர் அளவுக்குக் குழிக்குள் போகும். அது வெளியேறும் வழி பக்கச் சுவர்கள். அந்தச் சுவரின் பரப்பு சுமார் 3.1 சதுர மீட்டர். வண்டல் கலந்த மணற்பாங்கான மண் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் வாங்கும். மொத்தம் 90 லிட்டருக்கு மேல், கவலையில்லை. களிமண் 10 லிட்டர்தான் வாங்கும். 31 லிட்டரோடு நின்றுவிடும், குழி பொங்கும். களி, கரிசல் மண்ணுள்ள ஊர்களில் குழியின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். சுவருக்கு வெளியே சுற்றிலும் 30 செ.மீ. அகலத்துக்கு மணலோ செங்கல் ஜல்லியோ நிரப்ப வேண்டும். பக்கத்து ஊரில் நன்றாக ஓடும் அதே அளவுக் குழி இங்கே ஆறே மாதத்தில் "ரொம்பிப் போச்சு" என்று சொல்லப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் மண்தான்.

இனி கோப்பை. கடையில் கிடைக்கும் சாதாரணக் கோப்பை தட்டையானது. பெரிய டிராப்போடு (கோப்பைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) வரும் அதைக் கழுவ ஒவ்வொரு முறையும் ஏழெட்டு லிட்டர் வேண்டும். தண்ணீரைக் குடத்தில் சுமக்கும் வீட்டில் அது நடக்காது. நாலு நாளில் கதவைச் சாத்திவிடுவார்கள். இரட்டைக் குழிக்கென்று செய்த கிராமியக் கோப்பையின் அடிப்பகுதி 25 முதல் 28 பாகை வரை செங்குத்தாகச் சரியும். அதன் டிராப்பில் தேங்கி நிற்கும் நீர்ப்பூட்டு 20 மி.மீ. மட்டுமே. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். அந்த 20 மி.மீ. நீர்தான் குழியின் நாற்றத்தையும் ஈயையும் அறைக்குள் வராமல் தடுக்கிறது. உட்காரும் முன் அரைச் செம்புத் தண்ணீரைக் கோப்பையில் தெளித்துவிட்டால் மலம் ஒட்டாது, பிறகு ஊற்றுவதும் குறையும். குழந்தையின் மலத்தைக் குப்பைமேட்டில் எறியாமல் இதே கோப்பையில்தான் கொட்ட வேண்டும். அதிலும் நோய்க்கிருமிக்குக் குறைவில்லை.

டிராப்பிலிருந்து குழாய் ஒரு சிறிய தொட்டிக்கு வரும். அங்கிருந்து ஆங்கில ஒய் எழுத்துப் போல இரண்டு கிளை, கிளைக்கொரு குழி. ஒரு கிளையின் வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட வேண்டும். குழாய்க்கு மீட்டருக்கு 3 செ.மீ. சரிவு வேண்டும். குழிக்குள் 10 செ.மீ. நீட்டியிருந்தால் தண்ணீர் சுவரோடு வழியாமல் நடுவில் விழும். குழிச்சுவரைக் குழாய் மட்டத்துக்குக் கீழே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அதற்கு மேலே அடைத்துக் கட்டலாம். அடியில் வெறும் மண். இரண்டு குழிக்கும் நடுவே குறைந்தது 1 மீட்டர் இருந்தால்தான் ஓடும் குழியின் ஈரம் ஆறும் குழிக்குள் கசியாது.

கொத்தனார்கள் நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள் இங்கேதான். அடியில் கான்கிரீட் போட்டு, சுவருக்குச் சிமெண்டு பூசி "பலமா" முடித்துவிடுவார்கள், அது தொட்டியாகிவிடும். காற்றுப்போக்கி வைப்பார்கள், அது தேவையே இல்லை, வாயுவைச் சுற்றியுள்ள மண்ணே வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஒய் தொட்டியை விட்டுவிட்டு முதல் குழியிலிருந்து இரண்டாவதற்கு ஒரு குழாய் போடுவது. ஒன்று நிறைந்தால் மற்றதில் வழியும், எவ்வளவு வசதி என்று தோன்றும். ஆனால் இரண்டும் எப்போதும் ஈரம், எதுவும் ஆறாது. பார்வைக்கு இரட்டைக் குழி, உண்மையில் நீளமான ஒற்றைக் குழி. குளியலறைத் தண்ணீரை இதில் சேர்ப்பதும் அப்படியே. தண்ணீர்க் கணக்கு மொத்தமும் கவிழும். ஆசிட், பினாயில் ஊற்றினால் குழிக்குள் வேலை பார்க்கும் நுண்ணுயிர்கள்தான் சாகும். கோப்பைக்குப் பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் போதும். நாப்கின், பிளாஸ்டிக் எதுவும் மக்காது.

முதல் குழி நிறைந்ததும் ஒய் தொட்டியின் மூடியைத் திறந்து அடைப்பை மாற்றி வைப்பது அரைமணி நேர வேலை. அதற்குப் பிறகு மூடிய குழியில் இரண்டு காரியம் நடக்கிறது. புதிய ஈரம் வராததால் கசடு வற்றி மக்குகிறது. நோய்க்கிருமிகள் மெல்ல மடிகின்றன. பாக்டீரியாவும் வைரஸும் முதலில் போகும். கடைசிவரை பிடிவாதமாக நிற்பது உருண்டைப்புழுவின் முட்டை. இரண்டு ஆண்டு விடச் சொல்வது அதற்காகத்தான். இரண்டாவது காரியத்தை யாரும் கவனிப்பதில்லை: மூன்று ஆண்டு புழங்கியதில் சுவரின் மண் துளைகளில் பாசிபோல் படிந்து அடைத்திருந்த படலம் காய்ந்து உதிர்கிறது. குழி மறுபடி தண்ணீர் உறிஞ்சத் தயாராகிறது. குழிக்கு ஓய்வு தேவை என்பதன் பாதிப் பொருள் இது.

இரண்டு ஆண்டு கழித்துத் திறந்தால் கருப்பழுப்பு நிறத்தில் காப்பித்தூள் போல உதிரும் மக்கு இருக்கும், நாற்றமிருக்காது. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளியில், மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் தானே ஒரு குழிக்குள் இறங்கி அதை அள்ளிக் காட்டினார். வேலை கடினமானது என்பதால் அல்ல. இது யாரோ ஒரு சாதியின் வேலை என்ற நினைப்பு கணக்கு சொல்லிக் கலைவதில்லை என்பதால். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் முழுமையாக மக்குவதற்கு முந்தைய மலத்தைத்தான் சொல்கிறது. மக்காத கசடு நிறைந்த செப்டிக் டேங்கில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. கிணறோ ஆழ்துளைக் கிணறோ 10 மீட்டருக்குள் இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. கிருமிகளை மண் வடிகட்டும், சிறுநீரிலிருந்து வரும் நைட்ரேட்டை வடிகட்டாது. வீட்டுக்கு வீடு குழியும் ஆழ்துளைக் கிணறுமாக நெருங்கிய தெருவில் அது கிணற்று நீரில் சேரும். மழையில் நிலத்தடி நீர் குழியடிக்கு 2 மீட்டருக்குள் ஏறும் ஊர்களில் அடியை நன்றாக அடைத்து, சுற்றிலும் 50 செ.மீ. மெல்லிய மணல் போட வேண்டும். இல்லையென்றால் இந்த வகையே வேண்டாம்.

மூடியைத் தரைக்கு 10 செ.மீ. உயர்த்தி, சுற்றி மண் அணைத்துவிட்டால் மழைநீர் உள்ளே போகாது. அடைப்பை மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒய் தொட்டி மூடியின் ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறி வைக்க வேண்டும். சாக்கட்டியால் எழுதினால் முதல் மழையிலேயே போய்விடும். தேதி தெரியாவிட்டால் எந்தக் குழி ஆறியது என்பது வீட்டுக்காரருக்கே மறந்துவிடும்.