‘அனிச்சை இல்லை’ என்று எழுதும் முன்

உரத்த ஒலி கேட்டதும் நடுச்செவியின் சிறு தசை தானாகச் சுருங்குவதே நடுச்செவித் தசை அனிச்சை. அது ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு ரிப்போர்ட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. எந்தக் காதில் ஒலி கொடுத்தார்கள், எந்தக் காதில் ப்ரோப் (அந்தச் சுருக்கத்தை அளக்கக் காதில் செருகும் கருவிமுனை) இருந்தது, எத்தனை டெசிபெல் வரை போனார்கள், எதுவும் இருக்காது. அதைப் பார்த்து ‘காது கேட்கவில்லை’ என்று வேறு சொல்லிவிடுகிறார்கள்.

தயவுசெய்து இதைக் கேள்திறன் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்செவியில் 50 டெசிபெல் இழப்பு உள்ளவருக்கும் 90 டெசிபெல்லில் அனிச்சை வரலாம். நன்றாகக் கேட்பவருக்கும் ப்ரோப் வைத்த காதின் நடுச்செவியில் சிறு கோளாறு இருந்தால் கருவியின் கோடு அசையாது; தசை சுருங்கியிருக்கும், நமக்குத்தான் தெரியாது. 4000 ஹெர்ட்ஸில் வராமல் போவது நல்ல காதுகளிலும் உண்டு. செவிநரம்புச் சிக்கலில் உள்செவி எதிரொலி (ஒலிக்குப் பதிலாக உள்செவியே எழுப்பும் மெல்லிய ஒலி) நன்றாக வந்தும் அனிச்சை வராது. ஆடியோகிராமில் (கேள்திறன் வரைபடத்தில்) காற்று–எலும்பு இடைவெளி, அதாவது காற்றுவழியைவிட எலும்புவழியாக நன்றாகக் கேட்பது, இருந்தும் அனிச்சை வந்தால், அங்கவடி எலும்பு இறுகியிருக்கிறது என்று முடிவுகட்டாமல், உள்செவியின் மேல் அரைவட்டக் குழாயின் எலும்பில் திறப்பு இருக்கிறதா என்று யோசியுங்கள்.

முதலில் குறும்பியைப் பாருங்கள், பிறகு டிம்பனோகிராம் (காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை வரையும் கோடு). அது தட்டையாக இருந்தால் அந்தக் காதில் ப்ரோப் வைத்துத் தேடிப் பயனில்லை. உச்சம் வந்த அழுத்தத்திலேயே அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு ப்ரோப் ஒலி 226 ஹெர்ட்ஸ், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 1000. அனிச்சையைத் தூண்டும் ஒலியை எழுபது டெசிபெல்லில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். நடுச்செவியின் இணக்கத்தில் (எவ்வளவு எளிதாக அசைகிறது என்ற அளவில்) 0.02 மில்லிலிட்டர் மாற்றம் இரண்டு முறை வரவேண்டும். ஐந்து டெசிபெல் கூட்டினால் அது வளரவும் வேண்டும். வளராத அசைவு பெரும்பாலும் எச்சில் விழுங்கியதுதான். ஒலியும் ப்ரோப்பும் ஒரே காதில் இருக்கும்போது உச்ச அளவில் கருவியே பொய்க்கோடு காட்டும். ப்ரோப்பை 2 சிசி சோதனைக் குழியில் செருகி அதே அளவை ஒலித்துப் பாருங்கள். அங்கும் கோடு அசைந்தால் அது தசை அல்ல.

ஆய்வாளர்களுக்கு ஒன்று: எதிரொலியை வைத்து மூளைத்தண்டிலிருந்து உள்செவிக்கு இறங்கும் நரம்பு அதை எவ்வளவு அடக்குகிறது என்று அளக்கும்போது, கிளினிக்கில் அனிச்சை தெரியத் தொடங்கும் அளவுக்குக் கீழேயே இந்தத் தசை நுழைந்து கணக்கைக் கெடுக்கும். அகலப்பட்டை ப்ரோப்பால் (பல அதிர்வெண்களில் ஒருசேர அளப்பது) அதைச் சோதித்துவிட்டுப் பேசுங்கள். எலிகளில் உள்செவிக்கும் செவிநரம்புக்கும் இடையிலான நரம்பிணைப்பு இழப்போடு அனிச்சை குறைவது தெளிவு. மனிதரில் முடிவுகள் ஒத்துவரவில்லை. ஆடியோகிராமில் தெரியாத ‘மறைந்த செவிக்குறை’ என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

காதிரைச்சல், சத்தம் தாங்காமை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். 105 டெசிபெல்லுக்கு மேல் ஏற்றாதீர்கள். குழந்தையின் குறுகிய செவிக்குழாயில் அதே எண் இன்னும் உரக்க ஒலிக்கும். முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ரிப்போர்ட்டில் முழுதாக எழுதுங்கள்: ஒலி வலது காதில், ப்ரோப் இடது காதில், 1000 ஹெர்ட்ஸ், 105 வரை பார்த்தும் வரவில்லை.