டாஸ் தோற்றால் பாதி ஆட்டம் தோற்றது போலவா?

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில் 2025 முதல் கூடுதல் நேரத்துக்குப் புதிய விதி. லீக் ஆட்டங்களிலும் இனி இரண்டு அணிகளுக்கும் தலா ஒரு முறையாவது பந்து கிடைத்தாக வேண்டும். அரிதான ஒரு விலக்கு மட்டும் உண்டு. எல்லோரும் நியாயம் என்று பாராட்டுகிறார்கள். தோற்கும் அணிகளையே தேடிப் பிடித்து ஆதரிக்கும் எனக்கு மட்டும் ஒரு மனக்குறை.

1974இல் லீக் ஆட்டங்களுக்கு வந்த விதி எளிமையானது: கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி. பந்து யாருக்கு முதலில் என்பதை டாஸ் சொல்லும். சம பலமுள்ள இரு அணிகள், பந்து கையில் வரும் ஒவ்வொரு முறையும் புள்ளி எடுக்க 35% வாய்ப்பு உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். முதல் அணி தவறவிட்டு, எதிரணியும் தவறவிட்டால் மட்டுமே ஆட்டம் பழைய நிலைக்குத் திரும்பும். கணக்குப் போட்டால் முதலில் பந்து பெற்ற அணியின் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 61%. களத்தில் இது உடனே தெரியவில்லை. 1993 வரை டாஸ் வென்றவரும் தோற்றவரும் ஏறத்தாழச் சமமாகவே ஜெயித்தார்கள். 1994இல் தொடக்க உதையை 35ஆம் யார்டிலிருந்து 30ஆம் யார்டுக்குப் பின்தள்ளினார்கள். பந்தைப் பெறும் அணி கோலுக்குச் சற்று அருகிலிருந்தே தொடங்கியது. தூரத்திலிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவே குறி தவறாமல் உதைத்துப் புள்ளி எடுப்பவர்களும் பெருகினார்கள். அதன் பின் 2009 வரை டாஸ் வென்றவர்கள் ஜெயித்தது சுமார் 60%.

2010இல் ப்ளே-ஆஃப் ஆட்டங்களுக்கு அரைகுறையாக ஒரு திருத்தம்: முதல் அணி அப்படி உதைத்து மூன்று புள்ளி ஃபீல்டு கோல் மட்டும் அடித்தால் எதிரணிக்கும் வாய்ப்பு உண்டு, பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து ஆறு புள்ளி டச்டவுன் எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. 2022 ஜனவரியில் கன்சாஸ் சிட்டி 42–36 என வென்றபோது பஃபலோவின் பந்தெறியும் வீரர் ஜோஷ் ஆலன் கூடுதல் நேரத்தில் பந்தையே தொடவில்லை. எழுந்த கூச்சலில் அதே ஆண்டு, இரு அணிகளுக்கும் பந்து என்று ப்ளே-ஆஃப் விதி மாறியது.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். வலுவான அணிக்கு 40%, நோஞ்சான் அணிக்கு 25% புள்ளி வாய்ப்பு என்று கொள்வோம். பழைய முறையில் டாஸ் வென்றால் நோஞ்சானின் வெற்றி வாய்ப்பு 45%, தோற்றால் 27%. இரு அணிகளுக்கும் ஒரு முறை பந்து என்றால் அவை 40%, 30% ஆகின்றன. சராசரி ஒரு சதவீதத்துக்குச் சற்றே அதிகமாகத்தான் குறைகிறது. ஆனால் அந்த 45 போய்விட்டது. வாய்ப்புகள் கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு சுருங்கி, திறமையின் பங்கு பெருகும். பலம் குறைந்தவனுக்கு அதிர்ஷ்டம்தானே மூலதனம்?

இந்தக் கணக்கில் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். உண்மையில் இரண்டாவதாகப் பந்து பெறுபவருக்கு வேறொரு லாபம் உண்டு: கிரிக்கெட்டில் இலக்கைத் துரத்துவதைப் போல, எத்தனை தேவை என்பது தெரியும். 2024 சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் டாஸ் வென்ற சான் பிரான்சிஸ்கோ முதலில் ஆடி மூன்று புள்ளி எடுத்தது. பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள்தான். நான்காவதில் வழக்கமாகப் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவார்கள். அன்று கன்சாஸ் சிட்டிக்கு அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது அதன் பந்தெறியும் வீரர் பேட்ரிக் மஹோம்ஸ் தானே ஓடி எட்டு யார்டு எடுத்தார்; பிறகு டச்டவுன், 25–22. முதலில் ஆடியது சரியா என்று இன்றும் சண்டை நடக்கிறது. தவறு என்பது என் கட்சி.

சரி, நோஞ்சானுக்கு என்ன மிச்சம்? டிரா. பட்டியலில் அது அரை வெற்றி. 2017இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்ற கிளீவ்லேண்ட், 2018இன் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்குடன் 21–21 என முடித்தது. கூடுதல் நேரத்தில் ஒன்பது நொடி மீதமிருக்க கிளீவ்லேண்ட் உதைத்த ஃபீல்டு கோலைக் கை நீட்டித் தடுத்தார் பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட். வெற்றி நழுவினாலும், தொடர்ந்து 17 தோல்விகள் என்ற கதை அங்கே நின்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான், வீரர்களின் உடல்நலம் கருதி, லீக் ஆட்டங்களின் கூடுதல் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 10 ஆகக் குறைத்திருந்தார்கள். நேரம் குறைந்தால் டிரா ஆகும் வாய்ப்பு கூடும். நோஞ்சான் அணிகளை நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் அவர்களுக்கு இதைவிட நல்ல விதியை யாரும் எழுதவில்லை.