எல்டிசியில் அந்தமான்: வடசென்னை மத்திய அரசு ஊழியர்களுக்கான விளக்கம்

ராஜாஜி சாலையிலுள்ள தலைமை அஞ்சலகத்திலும் கஸ்டம்ஸ் ஹவுஸிலும் பணிபுரிபவர்களுக்கு, அந்தமான் கப்பல் கிளம்பும் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு அத்தீவுகளுக்குப் போய்வரும் கட்டணத்தை அரசே ஏற்கும் விடுப்புப் பயணச் சலுகை, அதாவது எல்டிசி, அவர்களுக்கு உண்டு. விதி புரியாமல் அதைக் கைவிடுவதும், அவசரப்பட்டு டிக்கெட் எடுத்துவிட்டுப் பணம் கிடைக்காமல் தவிப்பதும் நேரக்கூடாது.

1988ஆம் ஆண்டின் எல்டிசி விதிகளின்படி, நான்கு ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் இரு முறை சொந்த ஊருக்குச் செல்லலாம். அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக இந்தியாவில் எந்த இடத்துக்கும் செல்லலாம். இதற்கு மேலான சிறப்புத் தளர்வாக, சொந்த ஊர்ப் பயணம் ஒன்றை அந்தமான் பயணமாக மாற்றிக்கொள்ளவும், சம்பள நிலை 8 வரை உள்ள, வழக்கமாக விமானப் பயண உரிமை இல்லாத ஊழியர்களும் சென்னையிலிருந்து சாதாரண வகுப்பு விமானத்தில் போய்வரவும் அனுமதி உண்டு. இத்தளர்வு 2026 செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 2022-25 தொகுப்பில் விட்டுப்போன பயணத்தை 2026 முடியும்வரை எடுக்கலாம் என்றாலும், தளர்வு அதற்கு முன்பே முடிவதால், செப்டம்பர் 25க்குள் திரும்பி வந்துவிடுமாறு திட்டமிடுவதே பாதுகாப்பானது.

வடசென்னைக்காரர்கள் பலர் இடறுவதற்கு வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. பணிப்பதிவேட்டில் சொந்த ஊராகப் பதிவான இடமும் பணிபுரியும் இடமும் ஒன்றாக இருந்தால், சொந்த ஊர்ப் பயணத்தை மாற்றிக்கொள்ள முடியாது. ராயபுரத்தில் பிறந்து ராயபுரம் அஞ்சலகத்திலேயே பணிபுரிபவருக்கு மாற்றுவதற்கென்று சொந்த ஊர்ப் பயணமே இல்லை. அவர் ‘இந்தியாவில் எந்த இடத்துக்கும்’ என்ற பயணத்தைப் பயன்படுத்தித்தான் அந்தமான் செல்ல வேண்டும். விமானத் தளர்வு அதற்கும் பொருந்தும். அதே அலுவலகத்தில் பணிபுரியும் தூத்துக்குடிக்காரருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கும். ஆகவே விடுப்பு விண்ணப்பம் எழுதும் முன் பணிப்பதிவேட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விமான டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று அங்கீகரிக்கப்பட்ட பயண முகவர் நிறுவனங்களில் ஒன்றின் வழியாக மட்டுமே எடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று வேறெங்காவது எடுத்தால், பிறகு முழுத் தொகையும் நிராகரிக்கப்படலாம். பயணத்துக்கு 21 நாள் முன்பாவது, புறப்பட விரும்பும் நேரப் பகுதியில் உள்ள குறைந்த கட்டணத்தில் பதிவு செய்து, கட்டண விவரம் தெரியும் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் விலையைக் கூட்டிப் போட்டு, தங்குமிடத்தை இலவசமாகத் தருகிறோம் என்று எவரேனும் அணுகினால் அந்தப் பக்கமே போகக்கூடாது; பொய்க் கணக்குக்கு ஒழுங்கு நடவடிக்கை உண்டு.

கப்பலில் செல்ல விரும்புவோருக்கு சம்பள நிலை 3 வரை பங்க் (அடுக்குப் படுக்கை) வகுப்பு, 4, 5 நிலைகளுக்கு இரண்டாம் வகுப்பு கேபின், 6 முதல் 8 வரை முதல் வகுப்பு கேபின், அதற்கு மேல் டீலக்ஸ் வகுப்பு. ஒரு வழிக் கடற்பயணமே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் என்பதைக் கணக்கிட்டு விடுப்பு கேட்க வேண்டும்.

தற்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரோடு நிற்காமல், தெற்கே தள்ளியிருக்கும் லிட்டில் அந்தமான் போன்ற சிறு தீவுக்கும் போக எண்ணினால், அந்தத் தீவையே செல்லுமிடமாக முன்கூட்டி எழுதிக் கொடுப்பது நல்லது. அறிவித்த இடம்வரை குறுகிய வழியில் அரசுக் கப்பலுக்கு ஆகும் கட்டணத்தைக் கோரலாம். லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடி மக்களின் காப்புப்பகுதி இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அனுமதியின்றி அங்கே நுழைவது குற்றம். எந்தப் பயணச் சலுகையும் அதற்கு விலக்கு ஆகாது.

விடுதி, சாப்பாடு, ஊர் சுற்றும் வண்டி, திருவொற்றியூர் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகும் ஆட்டோ ஆகியவை சொந்தச் செலவு. அதை ஈடுகட்ட 10 நாள் ஈட்டிய விடுப்பைப் பணமாக்கலாம். பணிக்காலம் முழுவதற்கும் 60 நாள் உச்சவரம்பு. பணமாக்கும் நாள்களும் எடுக்கும் விடுப்பும் போக 30 நாளாவது இருப்பில் இருக்க வேண்டும். கட்டணத்தில் 90 சதவீதம் வரை முன்பணம் கிடைக்கும். முன்பணம் வாங்கியவர் திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள்ளும், வாங்காதவர் மூன்று மாதத்துக்குள்ளும், போர்டிங் பாஸ்களோடு கணக்கு கொடுத்துவிட வேண்டும்.